கெண்டைக்கும் ப்ரீமுக்கும் இரை: எதை எடுப்பது, எப்படித் தயார் செய்வது?

லீ_நதிக்கரை

வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். லீ பள்ளத்தாக்கில் சரளைக்கல் தோண்டிய பழைய குழிகள் ஏரிகளாகிக் கிடக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் இந்தக் கோடைக்கு அனுமதிச் சீட்டு எடுத்திருக்கிறேன். கெண்டையும், ப்ரீம் என்கிற அகன்ற உடம்புள்ள மீனும் நிறைய உண்டு என்று அங்கே வழக்கமாக உட்காருபவர்கள் சொல்கிறார்கள். இரை வாங்கக் கடைக்குப் போனால் ஒரு சுவர் நிறையப் பாக்கெட்டுகள். ஸ்ட்ராபெர்ரி வாசம், கணவாய் வாசம், அன்னாசி வாசம். எதை எடுப்பது, எதை விடுவது என்றே புரியவில்லை.

இரண்டு மீனுக்கும் ஒரே இரை போதுமா? நம் சமையலறையில் இருப்பதை வைத்தே தயார் செய்ய முடியுமா? அப்புறம், ஸ்வீட்கார்ன் கோத்துப் போட்டால் ரோச் என்கிற சிறு மீனின் குஞ்சுகள் வந்து கொத்தித் தீர்த்துவிடுகின்றன. பெரிய மீன் வருவதற்குள் முள் வெறுமையாகிவிடுகிறது. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

நோர்ஃபோக்_தூண்டில்

தம்பி, வாசத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மீனின் வாயைப் பாருங்கள்.

ப்ரீமின் வாய் முன்னால் நீண்டு கீழ்நோக்கித் திரும்பும். தலையைக் கவிழ்த்து, வாலைத் தூக்கி, சேற்றில் இருக்கும் சிறு சிவப்புப் புழுக்களை உறிஞ்சித் தின்னும் மீன் அது. தனியாக வராது, கூட்டமாக வரும். ஒரு கூட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் தரையில் நுண்ணிய தூள் இரை பரப்ப வேண்டும். இங்கே இதை கிரவுண்ட்பெய்ட் என்பார்கள். முள்ளில் என்ன கோக்கிறோம் என்பதைவிட, கீழே என்ன பரப்பினோம் என்பதுதான் ப்ரீமில் முக்கால்வாசி வேலை.

கெண்டை வேறு. அதன் தொண்டைக்குள் அரைக்கும் பற்கள் இருக்கின்றன. நத்தை ஓட்டையே நொறுக்கித் தின்றுவிடும். அதனால் அவித்த மக்காச்சோளம், கொண்டைக்கடலை, பாய்லி (மாவும் முட்டையும் பிசைந்து வேகவைத்த உருண்டை) என்று கெட்டியான எதையும் அதற்குக் கொடுக்கலாம். ரோச் குஞ்சால் அதை விழுங்க முடியாது. உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

சரி, கிரவுண்ட்பெய்ட் செய்முறைக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். வறுத்த ரொட்டித்தூள், அதாவது பிரவுன் கிரம்ப், ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு பெல்லெட் எனும் மீன்தீவன உருண்டைகளை அரைத்த தூளோ மீன்தூள் கலந்த ப்ரீம் கலவையோ அரைக் கிலோ. கொத்தமல்லியை லேசாக வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி. பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் ப்ரீமுக்கென்றே கொத்தமல்லிப் பொடி கலப்பது நெடுநாள் பழக்கம். ப்ரீமுக்கு இனிப்பு பிடிக்கும். கடையில் மொலாசஸ், அதாவது கரும்புப் பாகு, பாட்டிலில் விற்பார்கள். வெல்லத்தை வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினாலும் சரிதான்.

தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. கொஞ்சம் தெளித்து, விரல்களை விரித்துக் கிளறி, இருபது நிமிடம் மூடி வையுங்கள். ரொட்டித்தூள் மெல்ல மெல்லத் தண்ணீரைக் குடிக்கும். திறந்து பார்த்தால் மறுபடியும் காய்ந்திருக்கும். இன்னொரு முறை தெளியுங்கள். பதம் சரியாகப் புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். கடைசியில் சல்லடையில் தேய்த்துக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். அந்தக் கட்டிகளை விட்டுவைத்தால் மீன் அதைத் தின்று வயிறு நிறைந்து போய்விடும், முள் பக்கம் வராது.

கரையில் ஒரு வாளித் தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்த பிறகு சில நிமிடங்களில் அவிழ வேண்டும். பாதி வழியிலேயே மேகமாகக் கலைந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது அழுத்திப் பிடிக்கவில்லை. கல்லாகக் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது.

மேட்டூர்_தக்கை

நான் மேட்டூர் அணைப் பக்கம் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தூண்டில் போடுபவன். அந்த ஊர் அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் கெண்டை என்றால் இங்கே நாங்கள் நம்புவது ஒரே ஒரு மாவைத்தான். தவிடு, வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் மைதா, மிளகளவு பெருங்காயம். வெந்நீர் தெளித்துப் பிசைந்து, சுருள் கம்பியைச் சுற்றி அப்பிப் போடுவோம். மாவு கரையக் கரைய மீன் வந்து முட்டும். பெருங்காயம் இல்லாமல் நான் தூண்டிலே எடுக்க மாட்டேன். லண்டனில் தமிழ்க் கடையில் இதெல்லாம் கிடைக்குமே? ஏன் அங்கே யாரும் இதைச் செய்வதில்லை?

மீன்கொத்தி

மேட்டூர் அண்ணா சொல்வதில் ஒரு பாதி இங்கே அப்படியே பொருந்தும், ஒரு பாதி பொருந்தாது.

பொருந்தாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மீசை கிடையாது. நடுத் தண்ணீரிலும் மேல் தண்ணீரிலும் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்னும். அதனால்தான் மாவு தண்ணீரில் கரைந்து புகையாகப் பரவுவது அங்கே பலன் தருகிறது. இங்கே உள்ள சாதாக் கெண்டையும் ப்ரீமும் தரையில் மேய்பவை. மேலே கலைந்து போகும் மாவு ரோச்சைத்தான் கூட்டி வரும், அதுதான் லீ_நதிக்கரை படும் பாடு. அப்புறம், சுருள் கம்பியைச் சுற்றி நாலைந்து முள் கட்டுவது இங்கே வேண்டாம். பெரும்பாலான ஏரிகளில் ஒரு தூண்டிலுக்கு ஒரு முள் என்பதுதான் விதி. முள் கழலாமல் தடுக்கும் எதிர்முள் அதில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு.

பொருந்துவது அந்த மாவின் சரக்கு. புண்ணாக்கு, தவிடு, பெருங்காயம் மூன்றையும் நூலில் மாட்டும் ஃபீடர் எனும் சிறு கூடைக்குள் அழுத்திப் போட்டால் அது தரையில் போய்த்தான் அவிழும். மேலே வீணாகாது. பெருங்காயம் ஐரோப்பாவிலும் பழைய தூண்டில்காரர்கள் அறிந்த சரக்குதான். ஆனால் அளவு முக்கியம். ஒரு கிலோவுக்குக் கத்தி முனையில் எடுத்த அளவு போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு செய்தி. ஊட்டியில் இருக்கும் கெண்டைக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை இலங்கையிலிருந்துதான் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பாவில் வளர்த்த அதே இனம். ஆகவே ஊட்டி ஏரியில் தூண்டில் போட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், அவர்கள் சொல்வது மேட்டூர் கட்லாவைவிட இந்த இழைக்கு நெருக்கமாக இருக்கும்.

மேட்டூர்_தக்கை

வாயைப் பற்றிச் சொன்னது நியாயம். மிர்கால் பிடிக்கும்போது நாங்களும் மாவைக் கெட்டியாகத்தான் பிசைவோம், அது தரையில் மேய்வது என்பதால். அந்தக் கணக்கையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். மைதாவைக் கூட்டினால் கெட்டிப்படும், தவிட்டைக் கூட்டினால் உதிரும்.

பருத்தித்துறை_கடலோடி

கச்சான், அதுதான் நிலக்கடலை, போடலாமோ? எங்கட கடையில் மூட்டையாகக் கிடக்குது, மலிவு. கெண்டை கச்சானுக்கு விழுந்தடித்து வரும் என்று ஒருவர் சொன்னவர்.

மீன்கொத்தி

வரும் அண்ணா, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் போடாதீர்கள். முதல் காரணம், பல ஏரிகளில் கச்சான் உட்பட எல்லாக் கொட்டைகளுக்கும் தடை. அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டாவது காரணம் பூஞ்சை. பழைய கச்சானில் வளரும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. பறவைத் தீவனமாக விற்கும் மலிவுச் சரக்கைத் தண்ணீரில் கொட்டுவது மீனுக்குச் செய்யும் கொடுமை. அனுமதி இருக்கிற ஏரி என்றால், மனிதர் தின்னும் தரத்தில் வாங்கி, ஊறவைத்து வேகவைத்துக் கைப்பிடி அளவு மட்டும் போடலாம்.

இது கச்சானுக்கு மட்டுமல்ல. எந்த உலர்ந்த தானியத்தையும் பச்சையாகத் தண்ணீரில் போடக் கூடாது. கெண்டைக்கு நமக்கிருப்பது மாதிரி இரைப்பை கிடையாது, உணவு நேரே குடலுக்குத்தான் போகிறது. ஊறாத தானியம் உள்ளே போய் உப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மக்காச்சோளத்தை ஒரு முழு நாள் ஊறவைத்து, குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வைப்பேன். கொண்டைக்கடலைக்கு ஒரு ராத்திரி ஊறல், அப்புறம் வேக்காடு. குக்கரில் விசில் வைத்தால் குழைந்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்து நின்று பார்ப்பதே மேல். ஒரு கடலையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே அமுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் தோல் கழன்று போகக் கூடாது. தோல் கழன்றால் முள்ளில் நிற்காது. ஹெம்ப் (கஞ்சாச் செடி இனம்) விதைக்கும் ஒரு நாள் ஊறல், இருபது முப்பது நிமிடக் கொதி. விதை வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை முளை சுருண்டு வெளியே தெரிகிறதே, அந்த நிமிடம் அடுப்பை அணைக்க வேண்டும். டைகர் நட் எனும் கோரை வகைக் கிழங்கு என்றால் இன்னும் பொறுமை தேவை. ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, அரை மணிக்கும் மேல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கொழகொழப்பு வரும்வரை விட்டுவைக்க வேண்டும்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். வாசமும் சத்தும் அதில்தான் இறங்கியிருக்கிறது. அதை வைத்தே கிரவுண்ட்பெய்ட்டை நனையுங்கள்.

பாய்லி_பிரியன்

தானியம், புண்ணாக்கு எல்லாம் சரி. ஆனால் பெரிய கெண்டை வேண்டுமானால் பாய்லிதான் என்பது என் முடிவு. ஃப்ரெட் வில்டன் என்ற கெண்டைத் தூண்டில்காரர் இந்த நாட்டில் புரதம் நிறைந்த இரை என்ற எண்ணத்தைப் பரப்பி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் பிறகு கெண்டைத் தூண்டிலே மாறிப் போயிற்று. சத்துள்ள உணவை மீன் அடையாளம் கண்டுகொண்டு திரும்பத் திரும்ப வரும் என்பது அவர் வாதம். பெரிய ஏரிகளில் பருவம் முழுக்க ஒரே பாய்லியைப் போட்டுவருபவர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

லீ_நதிக்கரை கேட்ட சமையலறை வழியிலேயே செய்யலாம். ரவையும் சோயா மாவும் சம அளவு. அரைக் கிலோ கலவைக்கு ஐந்தாறு முட்டை. முட்டையை முதலில் அடித்து, அதில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள், ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 15 மில்லிமீட்டர் உருண்டைகளாக உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடம். ஒரே தடவையில் நிறையப் போட்டால் கொதி அடங்கிவிடும், கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். எடுத்துத் துண்டில் பரப்பி ஒரு நாள் காயவிடுங்கள். அதிக நேரம் வேகவைத்தால் வெளியே தோல் தடித்து உள்ளே இருக்கும் வாசம் வெளிவராது. மிளகாய்ப் பொடி, வெந்தயப் பொடி, உப்பு மூன்றும் நான் சேர்ப்பேன். கோடையில் கொஞ்சம் மீன்தூளும் சேரும்.

முள்ளில் நேரடியாகக் கோக்காமல் ஹேர் ரிக்கில் கோத்தால் ரோச் தொல்லை ஏறக்குறைய தீர்ந்தது. முள்ளின் வளைவுக்குக் கீழே ஒரு மெல்லிய நூல் தொங்கும், இரை அந்த நூலில்தான் இருக்கும். கெண்டை இரையை உறிஞ்சித் துப்பும்போது வெறும் முள் உதட்டில் பதியும்.

நோர்ஃபோக்_தூண்டில்

பாய்லியை நான் மறுக்கவில்லை. ஆனால் "பெரிய மீனுக்கு பாய்லிதான்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹியர்ஃபோர்ட்ஷயரில் ரெட்மைர் குளம் என்று ஒன்று இருக்கிறது. 1952 செப்டம்பர் 13 அன்று ரிச்சர்ட் வாக்கர் அங்கே 44 பவுண்டு கெண்டை பிடித்தார். இரை ரொட்டி. பிசைந்த ரொட்டியும் ரொட்டி மேல்தோலும் சேர்த்துக் கோத்தது. பிரிட்டனில் பிடித்த மிகப் பெரிய கெண்டை என்ற அந்தச் சாதனை 1980 வரை நின்றது. அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டுக்கு மேல் ஒரு கெண்டையைப் பிடித்து அதை முறியடித்தார். அவர் கோத்தது ஸ்வீட்கார்ன். இரண்டுமே மளிகைக் கடைச் சரக்கு.

ஒரு ஏரியில் எல்லோரும் பாய்லி போட்டு, மீன் அதில் பலமுறை மாட்டியிருந்தால், ரொட்டிக்கும் கொண்டைக்கடலைக்கும் அங்கே மதிப்பு கூடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

தம்பி ப்ரீமையும் கேட்டிருந்தார், அது விட்டுப்போய்விட்டது. ப்ரீமுக்கு முள்ளில் மண்புழுதான் முதல். சாணக் குப்பையில் கிடைக்கும் வரிவரியான சிவப்புப் புழுவைப் பாதியாகக் கிள்ளிக் கோத்தால் அந்தச் சாறு ப்ரீமை இழுக்கும். இன்னும் சில புழுக்களைக் கத்தரியால் நறுக்கிக் கிரவுண்ட்பெய்ட்டில் கலந்துவிடுங்கள். புழுவோடு ஒரு ஸ்வீட்கார்ன், அல்லது புழுவோடு ஒரு காஸ்டர் என்று கலந்து கோப்பதும் நன்றாக வேலை செய்யும்.

காஸ்டர் என்பது ஈப்புழு கூட்டுப்புழுவாக மாறும் பருவம். அதில் நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். வெளிர் தங்க நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை இருப்பது மூழ்கும். கருத்துவிட்டால் மிதக்கும். கிண்ணத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கியதைத் தண்ணீரோடு குளிர்பெட்டியில் வைத்தால் நிறம் மாறுவது நின்றுவிடும். மிதப்பதைக் கிரவுண்ட்பெய்ட்டில் சேர்த்தால் அது தரையிலிருந்து எழும்பி மீனையும் மேலே கிளப்பிவிடும்.

ஈப்புழுவுக்கு மஞ்சள் தூள் தூவும் வழக்கமும் இங்கே உண்டு. முன்பு வெண்கல நிறம் ஏற்ற ஒரு ரசாயனச் சாயம் பயன்பட்டது. அது உடம்புக்குக் கெடுதல் என்ற அச்சம் வந்த பிறகு பலர் மஞ்சளுக்கு மாறினார்கள். நம் வீட்டு மஞ்சளே போதும்.

புதுத்தூண்டில்

இடையில் ஒரு கேள்வி. பிடித்த ப்ரீமை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாமா?

மீன்கொத்தி

ஏரி மீன் ஏரி உரிமையாளருடையது. அனுமதியில்லாமல் எடுத்துப் போனால் அது திருட்டு, வழக்கு வரும். ஆற்றில் சிறிய மீன்களை மிகக் குறைந்த எண்ணிக்கையில் எடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தாலும் அளவு வரம்பு உண்டு, சங்கத்தின் விதியும் உண்டு. பிடித்து விடுவதுதான் இங்கே நடைமுறை. ஈர மெத்தைமேல் வைத்து, கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி விடுங்கள். ப்ரீமின் உடம்பில் இருக்கும் வழுவழுப்புதான் அதன் காப்பு, உலர்ந்த துணியால் பிடித்தால் அது போய்விடும். குழம்புக்கு பில்லிங்ஸ்கேட் மீன் சந்தை இருக்கிறது.

13 வயது நிறைந்த எல்லோரும் தூண்டில் உரிமம் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம், இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. பெரும்பாலான ஏரிகளுக்கு இந்தத் தடை கிடையாது.

லீ_நதிக்கரை

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் போய் வந்தேன். நோர்ஃபோக் அண்ணா சொன்ன பதத்தில் கிரவுண்ட்பெய்ட் கலந்து, ஆரஞ்சுப் பழ அளவில் உருண்டைகளை முதலிலேயே ஒரே இடத்தில் போட்டேன். கொண்டைக்கடலை வெந்த தண்ணீரில்தான் நனைத்தேன். பொழுது சாயும்வரை ஒன்றும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் அந்த இடத்தில் சிறு சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. தூண்டில் முனை மெல்ல வளையும், உடனே நிமிரும். வளைந்ததும் இழுத்தால் வெறும் முள். இப்படியே பலமுறை. கடைசியில் இழுக்காமல் பொறுத்துப் பார்த்தேன், முனை வளைந்து அப்படியே நின்றது. முழங்கை நீளத்தில் வெண்கல நிறத்தில் ஒரு ப்ரீம். அதற்குப் பிறகு இன்னும் சில வந்தன.

கேள்வி இதுதான். அந்த வெற்று அசைவுகள் ஏன்? கெண்டைக்குத் தனி இடமா, இதே இடத்திலேயே போடலாமா?

நோர்ஃபோக்_தூண்டில்

அந்த அசைவு மீன் கடித்ததால் வந்ததல்ல. கூட்டம் இரைமேல் நிற்கிறது, உடம்பு அகலமான மீன், நீந்தும்போது நூலில் உரசுகிறது. பொறுத்துப் பார்த்ததுதான் சரி. நூலைக் கொஞ்சம் தளர்த்தி, முனைப் பக்கம் தரையோடு படிய விடுங்கள், உரசல் குறையும். தக்கையில் போடும்போதோ தக்கை மூழ்குவதற்குப் பதிலாக மேலே எழும்பிப் படுத்துவிடும். ப்ரீம் இரையைத் தூக்கிக்கொண்டு நிமிர்கிறது என்று பொருள், அப்போது இழுக்கலாம்.

ஒரு ப்ரீமைப் பிடித்ததும் கூட்டம் சற்று விலகும். அதற்காகப் பெரிய உருண்டைகளை மறுபடி எறிய வேண்டாம், தடால் தடால் என்று விழுந்தால் இன்னும் விலகிவிடும். ஃபீடர் கூடையில் நிரப்பி அதே தூரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருங்கள். ரீலில் நூலைக் கிளிப்பில் மாட்டிவைத்தால் தூரம் மாறாது.

பாய்லி_பிரியன்

கெண்டைக்குத் தனி இடம் வையுங்கள். கோடையில் கரையோரம், நாணல் பக்கம், மரக்கிளை சாய்ந்த இடம். அங்கே ஹெம்ப்பும் கொண்டைக்கடலையும் இரண்டு கைப்பிடி மட்டும். ப்ரீம் கூட்டம் தூள் இரை கிடக்கும் ஆழத்திலேயே நிற்கும், கரைக்கு அவ்வளவாக வராது. ஹேர் ரிக்கில் இரண்டு கொண்டைக்கடலை கோத்துப் பாருங்கள். நான் பாய்லிக்காரன்தான், ஆனால் உங்கள் ஏரியில் யாரும் கொண்டைக்கடலை போடவில்லை என்றால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஈயக்குண்டு பழைய பெட்டியில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள். அன்னப்பறவைகள் விழுங்கிச் செத்ததால் சிறிய ஈய எடைகளுக்கு 1987 முதல் இங்கே தடை.

லீ_நதிக்கரை

கடைசியாக ஒன்று. அக்டோபருக்குப் பிறகும் இதே அளவுதானா? மிச்சம் இருக்கும் இரையை வைத்திருக்கலாமா?

நோர்ஃபோக்_தூண்டில்

தண்ணீர் குளிர்ந்தால் மீனின் செரிமானம் மந்தமாகும். கோடையில் இரண்டு கிலோ கிரவுண்ட்பெய்ட் போட்ட இடத்தில் குளிர்காலத்தில் அரைக் கிலோ போதும். மீன்தூளையும் எண்ணெய்ச் சத்தையும் குறைத்து ரொட்டித்தூளைக் கூட்டுங்கள். முள்ளில் ஒரே ஓர் ஈப்புழு, அல்லது ஒரு ஸ்வீட்கார்ன்.

அவித்த ஹெம்ப், மக்காச்சோளம், கொண்டைக்கடலை எல்லாவற்றையும் அதன் தண்ணீரோடேயே பையில் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம், பல மாதம் இருக்கும். நனைத்த கிரவுண்ட்பெய்ட்டையும் அப்படியே உறைய வைத்து, போகிற அன்று காலையில் எடுத்து மறுபடி சல்லடையில் தேய்த்தால் போதும். புளித்த வாடை வந்துவிட்டால் மட்டும் கொட்டிவிடுங்கள். ஏரியில் அல்ல, வீட்டுக் குப்பையில்.